படிப்பு ஏறாத பிள்ளையா, உதவி கிடைக்காத பிள்ளையா?
விசேட கல்வியிலிருந்து கல்வி உளவியலுக்குச் சென்ற ஓர் ஆசிரியர் தரும் பாடம்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பாடசாலையில் பின்தங்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்தும் இதே பழமொழியைச் சொல்லி, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாம் முடித்துவிடுவதுண்டு. ஆனால் வயலில் நின்று பழகியவர்களுக்கு வேறோர் உண்மையும் தெரியும். நாற்றுமேடையில் நாற்று மஞ்சளித்து நின்றால் எந்த விவசாயியும் உடனே விதைநெல்லைப் பழிப்பதில்லை. தண்ணீர் தேங்கி நிற்கிறதா, பசளை போதவில்லையா, மண்ணில் உவர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றை மாற்றிச் செய்கிறார். ஒரு கிழமை கழித்து மறுபடியும் வந்து பார்க்கிறார். அதன் பின்னரே விதையைப் பற்றிப் பேசுகிறார்.

பிள்ளைகளின் கல்வியிலும் இவ்வாறு பார்ப்பதற்கென ஒரு தொழில் இருக்கிறது. அதுவே கல்வி உளவியல். இக்கட்டுரையில் மூன்று விடயங்களைப் படிப்போம். முதலாவது, விசேட கல்வி ஆசிரியரின் பணிக்கும் கல்வி உளவியலாளரின் பணிக்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவது, போரினால் ஊரையும் உறவையும் இழந்த பிள்ளைகளுக்குக் கற்பித்து, பின்னர் உளவியலாளராகிய ஒருவரின் வாழ்க்கையும் அவர் வகுத்த முறையும். மூன்றாவது, உளவியலாளர் எவரும் அருகில் இல்லாத இடத்தில் பெற்றோராகிய நாம் செய்யக்கூடியவை.

1. இரண்டு பணிகள்

விசேட கல்வி ஆசிரியர் ஒவ்வொரு நாளும் பிள்ளையோடு இருக்கிறார். கேட்டல் குறைந்த பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, எழுத்துக்களை இனங்காண முடியாமல் தடுமாறும் பிள்ளை, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை என ஒவ்வொருவருக்கும் ஏற்ற விதத்தில் பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார். "இன்று இப்பிள்ளைக்கு எதைக் கற்பிக்கலாம், எப்படிக் கற்பிக்கலாம்?" என்பதே அவருடைய கேள்வி.

கல்வி உளவியலாளருக்கு ஒரு வகுப்பு இல்லை. அவர் பல பாடசாலைகளுக்குச் செல்கிறார். பிள்ளையை வகுப்பிலும் விளையாட்டிலும் அவதானிக்கிறார். பெற்றோரோடும் ஆசிரியரோடும் பேசுகிறார். தேவையானால் சில சோதனைகளைச் செய்கிறார். "இப்பிள்ளை ஏன் இந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது? எதை மாற்றினால் முன்னேறும்?" என்பதே அவருடைய கேள்வி. விடையைக் கண்ட பின்னரும் அவர் தாமே கற்பிப்பது குறைவு. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை கூறுகிறார். சில நாடுகளில் பிள்ளைக்கு என்ன உதவி வழங்கப்பட வேண்டும் என்று அரசுக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்கிறார்.

ஆகவே ஓர் ஆசிரியர் இத்தொழிலுக்குச் செல்லும்போது ஒன்றைப் பெறுகிறார், ஒன்றை இழக்கிறார். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பல நூறு பிள்ளைகளுக்கு உதவக்கூடிய நிலை அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் நாள்தோறும் ஒரே பிள்ளையைப் பார்த்து வருவதால் உண்டாகும் அறிவை அவர் இழக்கிறார். ஒரு பிள்ளையோடு அவர் இருப்பது சில மணித்தியாலங்களே. அந்தக் குறையை நிரப்பக்கூடியவர்கள் பெற்றோரும் வகுப்பாசிரியருமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

2. அளவுகோல் எப்படி வந்தது?

1904ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கல்வி அமைச்சு ஒரு குழுவை நியமித்தது. சாதாரண வகுப்பில் கற்க முடியாத பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்கு வேறு விதமாகக் கற்பிப்பது எப்படி என்று ஆராய்வதே அதன் நோக்கம். அக்குழுவில் இருந்த அல்பிரட் பினே என்ற உளவியலாளர், சீமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இலகுவானதிலிருந்து கடினமானது வரை வரிசையாக அமைந்த சிறு வேலைகள் அதில் இருந்தன. இன்று நாம் கேள்விப்படும் நுண்ணறிவுச் சோதனைகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி.

பினே இச்சோதனையைச் செய்தது உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்காகவே. பிள்ளையின் அறிவு மாறாத ஓர் அளவு என்று அவர் கருதவில்லை. பயிற்சியினால் அது வளரக்கூடியது என்று 1909இல் வெளிவந்த தமது நூலில் வாதாடினார். ஆனால் அச்சோதனை அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றபோது அதன் நோக்கம் மாறியது. ஒரு முறை பெற்ற புள்ளி, பிள்ளை பிறவியிலேயே கொண்டுவந்த அறிவின் அளவாகக் கொள்ளப்பட்டது. எந்த மொழியில் வளர்ந்த பிள்ளை, எத்தனை நாள் பாடசாலைக்குப் போன பிள்ளை, பசியோடு வந்த பிள்ளையா என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

வரட்சி வந்த ஆண்டில் ஒரு வயலின் விளைச்சலை அளந்துவிட்டு, "இந்த நிலம் இவ்வளவுதான் தரும்" என்று உறுதியில் எழுதி வைப்பது போன்றதே இது. அளந்த கணக்கு சரியாக இருக்கலாம். அதிலிருந்து எடுத்த முடிவு தவறானது.

3. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளின் ஆசிரியர்

ரூவன் பொயர்ஸ்டைன் 1921ஆம் ஆண்டில் ருமேனியா நாட்டின் பொட்டோஷானி நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தலைநகரான புக்காரெஸ்டில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே, குடும்பம் சிதறியதனாலும் பயத்தினாலும் மனம் குழம்பிய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நாசி ஆட்சியின் கொடுமையினால் படிப்பை முடிக்காமலே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. போர் முடியும் காலத்தில், அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்திற்குச் சென்றார். அங்கும் ஆசிரியராகவே பணிசெய்தார். அவருடைய மாணவர்கள் ஐரோப்பிய வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பிய பிள்ளைகள்.

அப்பிள்ளைகளுட் பலர் ஆண்டுக் கணக்காகப் பாடசாலையைக் காணாதவர்கள். சிலர் பேசவே மறுத்தனர். பத்துப் பன்னிரண்டு வயதிலும் எழுத்தறியாதவர்கள் இருந்தனர். அவர்களைச் சோதித்தால் குறைந்த புள்ளிதான் வரும். ஆனால் அவர்களோடு நாள்தோறும் வாழ்ந்த ஆசிரியர் வேறொன்றைக் கண்டார். தகுந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, பொறுமையோடு வழிகாட்டினால், அவர்கள் கற்றார்கள். புள்ளி சொல்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகவில்லை. இந்த முரண்பாடுதான் ஓர் ஆசிரியரை உளவியல் படிக்கத் தூண்டியது.

1948இல் அவர் காசநோய்க்கு ஆளாகிச் சிகிச்சைக்காகச் சுவிற்சர்லாந்து சென்றார். குணமடைந்தபின் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1950களின் முதற்பாதியில் உளவியல் பயின்றார். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜீன் பியாஜேயும், சோதனை முறைகளில் வல்லவரான அந்திரே ரேயும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். படிக்கும் காலத்திலேயே, யூதப் பிள்ளைகளையும் இளைஞரையும் குடியேற்றிப் பராமரித்த "யூத் அலியா" என்ற அமைப்பில் உளவியற் பணியையும் ஏற்றார். அவருடைய பாதை நேரானதன்று. போரினாலும் நோயினாலும் பல தடவை முறிந்த பாதை அது. பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றபோது ஆண்டு 1970. அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. 2014இல் எருசலேமில் தமது 92ஆவது வயதில் காலமானார்.

யூத் அலியா அமைப்பின் பணியில் மொறோக்கோ நாட்டின் ஏழை யூதக் குடியிருப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலரை அவர் பார்த்தார். இவர்கள் பிரான்சின் தென்பகுதியில் இருந்த இடைத்தங்கல் முகாம்களில் தங்கியிருந்தனர். வழக்கமான சோதனைகளில் இப்பிள்ளைகள் தங்கள் வயதிற்குப் பல ஆண்டுகள் பின்தங்கியவர்களாகக் காணப்பட்டனர். புள்ளிகளை மட்டும் பார்த்தால் பலரை "மூளை வளர்ச்சி குறைந்தவர்கள்" என்று ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரு பிள்ளையை எங்கே சேர்ப்பது, எதைக் கற்பிப்பது என்ற முடிவு ஒரு தாளில் எழுதப்படும் இலக்கத்தில் தங்கியிருந்தது. அந்த இலக்கம் தவறானால் பிள்ளையின் வாழ்க்கையே வேறு திசையிற் போய்விடும்.

4. சோதி, கற்பி, மறுபடி சோதி

சாதாரண பரீட்சையில் பரிசோதகர் உதவி செய்யக்கூடாது. உதவினால் அது கள்ளம். பொயர்ஸ்டைன் இந்த விதியையே மாற்றினார். முதலில் பிள்ளை தனியே என்ன செய்கிறது என்று பார்ப்பது. பின்னர் வேண்டிய உதவியைக் கொடுத்துக் கற்பிப்பது. அதன் பின்னர் அதுபோன்ற புதிய வேலை ஒன்றைக் கொடுத்து, கற்றதைப் பயன்படுத்துகிறதா என்று பார்ப்பது. இம்முறையில் அளக்கப்படுவது பிள்ளையிடம் இன்று இருப்பது அல்ல. உதவி கிடைத்தால் எவ்வளவு மாறுகிறது என்பதே.

ஓர் உதாரணம். அந்திரே ரே அமைத்த ஒரு சோதனையில் நான்கு தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் மூன்று வரிசையாக ஒன்பது பொத்தான்கள். அவற்றில் ஒன்று மட்டும் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். ஏனையவை கையோடு கழன்று வரும். ஒவ்வொரு தட்டிலும் அசையாத பொத்தான் எது என்று பிள்ளை தேடிக் கண்டுபிடித்து நினைவில் வைக்க வேண்டும். எழுத்தறிவு தேவையில்லை. அவசரப்பட்டுக் கண்டபடி இழுக்கும் பிள்ளை பிழைவிடும். இங்கே பொயர்ஸ்டைன் வழிவந்த பரிசோதகர் பிழைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. "கொஞ்சம் பொறு. முன்னர் எதைத் தொட்டாய்? எந்த மூலையில் இருந்தது?" என்று கேட்டு, ஒழுங்காகத் தேடும் வழியைக் காட்டுகிறார். பிறகு தட்டைத் திருப்பி வைத்து, பிள்ளை புதிய நிலைக்கு ஏற்ப இடத்தை மனதில் மாற்றிக்கொள்கிறதா என்று பார்க்கிறார். இப்போது பரிசோதகருக்குப் புள்ளியைவிடப் பெறுமதியான ஒன்று தெரியவருகிறது. பிள்ளைக்கு நினைவு குறைவா, அல்லது அவசரமா? விளங்கவில்லையா, அல்லது பயமா? எந்த உதவி பயன் தந்தது?

இதே கருத்தை இதற்கு முன்னர் சோவியத் நாட்டில் லெவ் வைகொட்ஸ்கி என்பவரும் கூறியிருந்தார். இவரும் முதலில் ஆசிரியராக இருந்து, பின்னர் உளவியலுக்கும் குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கும் வந்தவர். 1934இல் காசநோயினால் இளவயதிலேயே இறந்தார். அவர் தந்த விளக்கம் எளிமையானது. இரண்டு பிள்ளைகளைச் சோதிக்கிறோம். இருவரும் எட்டு வயதுப் பிள்ளைக்குரிய வேலைகளைத் தனியே செய்கிறார்கள். பின்னர் சிறிது உதவி கொடுக்கிறோம். உதவியோடு ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்குரிய வேலை வரை செல்கிறது. மற்றப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய வேலை வரை செல்கிறது. இவ்விருவரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்று சொல்லலாமா? உதவி இல்லாத பரீட்சை அப்படித்தான் சொல்லும்.

5. இடையில் நிற்கும் மனிதர்

பிள்ளை உலகத்தைத் தானாகவும் கற்கிறது. நெருப்பைத் தொட்டால் சுடும் என்று அறிகிறது. ஆனால் பெரும்பாலான அறிவு, உலகத்திற்கும் பிள்ளைக்கும் இடையில் ஒருவர் நின்று எடுத்துக் கொடுப்பதால் வருகிறது என்று பொயர்ஸ்டைன் கூறினார். அவ்வாறு இடையில் நிற்பவரிடம் மூன்று பண்புகள் இருக்க வேண்டும் என்றார். வயல் வேலையை வைத்து இவற்றை விளங்கிக்கொள்வோம்.

முதலாவது, நோக்கம். பேரனோடு வரம்பில் நடக்கும் தாத்தா, "இங்கே வந்து பார்" என்று அவனுடைய கண்ணை ஒன்றின் மேல் நிறுத்துகிறார். அவன் பார்க்கும்வரை காத்திருக்கிறார்.

இரண்டாவது, அர்த்தம். "இந்த மடையை ஏன் காலையிலே அடைக்கிறோம் தெரியுமா?" என்று கேட்டு, செய்யும் வேலையின் காரணத்தைச் சொல்லுகிறார்.

மூன்றாவது, அப்பாலும் கொண்டு செல்லுதல். "தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். வீட்டு வளவில் மழைத் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பின்னேரம் பார்ப்போம்" என்கிறார். வயலில் கற்றது வேறோர் இடத்திற்கும் பொருந்துகிறது.

இங்கே இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு கருத்து இருக்கிறது. தன் சொந்த மக்களின் பண்பாட்டை நன்றாகப் பெற்று வளர்ந்த பிள்ளை, அந்நியமான இடத்திற்குச் சென்றாலும் புதியதைக் கற்றுக்கொள்ளும் என்பது பொயர்ஸ்டைனின் கருத்து. ஏனெனில் அது ஏற்கெனவே "கற்கும் விதத்தை" கற்றிருக்கிறது. அதிகமாகப் பாதிக்கப்படுவது, இடையில் நின்று எடுத்துக் கொடுக்கும் பெரியவர்களை இழந்த பிள்ளையே. அது தன் பண்பாட்டையும் பெறவில்லை. புதியதைப் பெறும் வழியையும் அறியவில்லை.

நிலத்தைவிட்டு வந்த குடும்பத்தில் என்ன நடக்கிறது? வயலில் இருந்தபோது பேசாமலே நூறு விடயங்களைக் கற்பித்த தந்தைக்கு, முகாமிலோ வாடகை வீட்டிலோ பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வருகிறது. தாத்தா ஒரு மூலையில் மௌனமாக இருக்கிறார். "பழைய கதை இனி எதற்கு?" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். பொயர்ஸ்டைனின் கருத்துப்படி, அந்தப் பழைய கதையும் கல்வியே. எந்த மாதத்தில் விதைத்தோம், விதைநெல்லை எப்படிப் பாதுகாத்தோம், ஒரு ஏக்கருக்கு எத்தனை புசல் விதைத்தோம், ஏன் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது, வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் கணக்கிடவும் காரணம் காணவும் பிள்ளை பழகுகிறது. நிலம் கையில் இல்லாவிட்டாலும் அந்த அறிவு கையில் இருக்கிறது.

6. மறக்கக்கூடாத எல்லைகள்

எந்த முறையையும் மருந்துப் போத்தல் போல் நம்பிவிடக்கூடாது. பொயர்ஸ்டைன் தமது கருத்துக்களை வைத்து, பிள்ளைகளுக்குச் சிந்திக்கப் பழக்கும் பதினான்கு பயிற்சிப் புத்தகங்களை உருவாக்கினார். பல நாடுகளில் அவை பயன்படுத்தப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர்களின் முடிவுகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. சிந்தனைச் சோதனைகளில் முன்னேற்றம் காணப்பட்ட சில இடங்களிலும், வாசிப்பிலும் கணிதத்திலும் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிப்பைத்தான் கற்பிக்க வேண்டும். வேறு பயிற்சி அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. எல்லாத் தடையும் பழக்கத்தினால் வந்ததல்ல. காது மந்தம், பார்வைக் குறைவு, வலிப்பு, இரத்தச்சோகை முதலியவை மருத்துவரால் பார்க்கப்பட வேண்டியவை. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களும் கற்பார்கள், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தைச் சென்றடைவார்கள் என்று வாக்குக் கொடுப்பது அவர்களுக்கும் பெற்றோருக்கும் செய்யும் அநியாயம்.

பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதற்கும் இக்கருத்தைப் பயன்படுத்தக்கூடாது. உணவுக்கும் உறங்கும் இடத்திற்கும் அலைந்த காலத்தில் பிள்ளையோடு இருந்து பேச நேரம் கிடைக்கவில்லை என்றால், அது அன்பின் குறை அல்ல.

7. ஆசிரியர் உளவியலாளராகும் பாதை

இங்கிலாந்தில் இத்தொழில் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் பாதை எப்படி அமைகிறது என்று விளங்கும். இலண்டன் மாவட்ட சபை 1913இல் சிறில் பேர்ட் என்பவரைப் பாடசாலைகளுக்கான உளவியலாளராக நியமித்தது. 1978இல் வெளிவந்த வோர்னொக் குழுவின் அறிக்கை, பாடசாலைக் காலத்தில் எப்போதாவது ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு விசேட உதவி தேவைப்படலாம் என்று கூறியது. அதையொட்டி 1981இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்தின்படி, பெருந்தேவையுடைய பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு உளவியலாளரின் ஆலோசனையும் பெறப்பட வேண்டியதாயிற்று.

அங்கே நெடுங்காலமாக உளவியலாளராக வருபவர் முதலில் ஆசிரியராக இருந்திருக்க வேண்டும். உளவியற் பட்டமும், சில ஆண்டு கற்பித்தல் அனுபவமும், அதற்கு மேல் ஓர் ஆண்டு முதுமாணிப் பயிற்சியும் வேண்டியிருந்தன. 2006இலிருந்து இது மூன்று ஆண்டுக் கலாநிதிப் பயிற்சியாக மாற்றப்பட்டது. ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி நீங்கியது; ஆனால் பிள்ளைகளோடு பணியாற்றிய அனுபவம் இன்றும் கேட்கப்படுகிறது. 2009இலிருந்து, பதிவு செய்யப்பட்டவர் மட்டுமே அங்கே கல்வி உளவியலாளர் என்ற பெயரைப் பயன்படுத்தலாம். வேறு பாடத்தில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள், உளவியல் மாற்றுக் கற்கைநெறி ஒன்றை முதலில் முடித்து இப்பாதையில் சேருகின்றனர்.

நம் நாட்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென ஒரு துறை உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்கலாம். ஆயினும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு கல்வி உளவியலாளர் கிடைக்கும் நிலை இல்லை. ஆகவே இங்கு விசேட கல்வி அலகில் கற்பிக்கும் ஆசிரியரே பல இடங்களில் இரண்டு பணிகளையும் சுமக்கிறார். உங்கள் மகளோ மகனோ முன்பள்ளியிலோ விசேட கல்வி அலகிலோ கற்பிப்பவராக இருந்தால், அந்த அனுபவத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். பட்டத்தைப் பின்னர் பெறலாம். பிள்ளையை நாள்தோறும் பார்த்துப் பெற்ற அறிவைப் புத்தகத்திலிருந்து பெற முடியாது.

8. நாம் செய்யக்கூடியவை

உளவியலாளரோ மருத்துவரோ பிள்ளையைச் சிறிது நேரமே பார்ப்பார் என்று முன்னர் கூறினோம். அந்த நேரம் பயன்பட வேண்டுமானால் பெற்றோர் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். ஒரு சாதாரண கொப்பியில் பின்வருவனவற்றை எழுதி வைத்திருங்கள். எழுத முடியாதவர்கள் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

(அ) பிறப்பும் நோயும்: பிரசவத்தின்போது ஏற்பட்ட சிக்கல்கள், கடுங்காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி, எப்போது நடந்தது, எப்போது பேசியது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

(ஆ) பாடசாலைக் கணக்கு: எந்த ஆண்டில் எந்தப் பாடசாலை, எத்தனை மாதம் போகவில்லை, ஏன். இரண்டு ஆண்டு பாடசாலையை இழந்த பிள்ளையையும் இரண்டு ஆண்டு இருந்தும் கற்க முடியாத பிள்ளையையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

(இ) கேட்டலும் பார்வையும்: பிள்ளைக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். புத்தகத்தை முகத்திற்கு மிக அருகில் பிடிக்கிறதா, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையிலோ சொல்லுங்கள்.

(ஈ) வீட்டில் செய்யும் வேலை: கடைக்குப் போய் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டு வருகிறதா? ஆடுகளை எண்ணுகிறதா? சொன்ன மூன்று வேலைகளை வரிசையாகச் செய்கிறதா? தாளில் கணக்குச் செய்யாத பிள்ளை சந்தையில் கணக்குச் செய்தால், அது முக்கியமான செய்தி.

(உ) எந்த உதவி பயன் தந்தது: இதுவே மிக முக்கியமானது. மெதுவாகச் சொன்னபோதா, செய்து காட்டியபோதா, கையைப் பிடித்து எழுதியபோதா, தனியே இருத்தியபோதா? ஒரே வேலையைத் திங்கட்கிழமை தனியே செய்யவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் பக்கத்தில் இருந்து உதவுங்கள். வெள்ளிக்கிழமை அதுபோன்ற வேறொரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மாற்றம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

இக்கொப்பியை வகுப்பாசிரியருக்கும் காட்டுங்கள். "என் பிள்ளை கெட்டிக்காரனா, மொக்கனா?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் நிற்கிறான்? நாங்கள் வீட்டில் எப்படி உதவலாம்?" என்று கேட்டால் ஆசிரியருக்கும் பதில் சொல்ல வழி பிறக்கும். பாடசாலையில் சேர்க்க மறுத்தால் பயப்பட வேண்டாம். உடல், உளக் குறைபாட்டைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. இதை எடுத்துச் சொல்லி வலயக் கல்விப் பணிமனையில் முறையிடலாம்.

வீட்டில் "மக்கு", "மந்தம்" என்ற சொற்களை நிறுத்துங்கள். பரீட்சைத் தாளில் உள்ள புள்ளி அடுத்த தவணையில் மாறலாம். தாயும் தந்தையும் சொன்ன சொல் பிள்ளையின் மனதில் ஆண்டுக் கணக்காக நிற்கும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

(குழுவாகக் கூடும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பதில் கூறலாம்.)

1. விசேட கல்வி ஆசிரியர் கேட்கும் கேள்வி எது? கல்வி உளவியலாளர் கேட்கும் கேள்வி எது? ஒருவருக்கு மற்றவர் ஏன் தேவை?

2. பினே தமது சோதனையை எதற்காக உருவாக்கினார்? பின்னர் அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது?

3. எட்டு வயதுக்குரிய வேலையைச் செய்த இரண்டு பிள்ளைகளின் உதாரணத்திலிருந்து நீங்கள் விளங்கிக்கொண்டது என்ன?

4. உங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு இப்போது சொல்லப்படாமல் இருக்கும் தொழில் அறிவு எது? அதை யார், எப்போது சொல்லலாம்?

5. உங்கள் முகாமில் அல்லது கிராமத்தில் பாடசாலையை விட்டு நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் காது, கண் பரிசோதிக்கப்படாதவர்கள் யார்? மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இவர்களை ஒரு நாளில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்ய முடியுமா?

செயற்பாடு: அடுத்த கூட்டத்திற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளைக்காவது மேற்கூறிய கொப்பியை ஆரம்பியுங்கள். ஒரு மாதத்தின் பின்னர் "எந்த உதவி பயன் தந்தது" என்ற பக்கத்தை மட்டும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டில் பயன் தந்தது அடுத்த வீட்டிலும் உதவக்கூடும்.